3 அடி கம்யூனிட்டி டேங்க்ல கண்ணு போய் நிக்கற மாதிரி ஒரு மீன், எது வாங்கலாம்?

தாம்பரம் டேங்க்:

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளா மத்தவங்க எழுதறத படிச்சிட்டு மட்டும் இருந்தேன், முதல் தடவையா ஒண்ணு கேக்கறேன். வீட்ல பல ஜாதி மீன ஒண்ணா விட்ட 3 அடி கம்யூனிட்டி டேங்க் இருக்கு, 36க்கு 15க்கு 18 இன்ச். கணக்கு போட்டா 160 லிட்டர் கிட்ட வருது, ஆனா மண்ணு, கல்லு, ஒரு பெரிய மரக்கட்டை எல்லாம் போக 135 லிட்டர் தண்ணிதான் நிக்கும்னு நினைக்கறேன். ஓட ஆரம்பிச்சு 8 மாசம் ஆச்சு. உள்ள 8 ஜீப்ரா டேனியோ, 6 ப்ரான்ஸ் கோரி (வெண்கல நிறம், அடியில மேயற சின்ன மீன்), 5 பிளாட்டி, ஒரு பிரிசில்நோஸ் பிளெக்கோ இருக்கு. பிளாட்டி குட்டி போட்டுட்டே இருக்கும், அது பாதி பொழைக்கும் பாதி போயிடும். நோய் நொடி ஒண்ணும் இல்ல, எல்லாம் நல்லா சாப்பிடுது.

என் பிரச்சனை என்னன்னா எல்லாமே சின்ன மீனு, எல்லாமே ஓடிட்டே இருக்கு, கண்ணு எங்கயும் நிக்க மாட்டேங்குது. ஹால்ல நடுவுல வச்சிருக்கோம், வர்றவங்க ஒரு தடவ பாத்துட்டு அப்படியே டிவி பக்கம் திரும்பிடறாங்க. என் பொண்ணு ரெண்டாவது படிக்கறா, அவளுக்கு பேர் வச்சு கூப்பிடற மாதிரி, கண்ணாடி கிட்ட வந்து அவள பாக்கற மாதிரி ஒரு மீனு வேணுமாம். வீட்ல அவங்களுக்கு ஏஞ்சல் மீன் புடிக்கும். கடையில போய் கேட்டா ரெண்டு இன்ச் ஆஸ்கர் குட்டிய காட்டி இத போடுங்க சார், சின்னதுலயே சேத்து விட்டா மத்த மீனோட பழகிடும்னு சொன்னாங்க. எனக்கு மனசு ஒப்பல, வாங்காம திரும்பி வந்துட்டேன்.

1500 ரூபா வரைக்கும் செலவு பண்ணலாம். இருக்கற மீனுக்கு ஒரு ஆபத்தும் வரக்கூடாது, அதுதான் முக்கியம். என்ன வாங்கலாம் சொல்லுங்க.

வைகை மீனவன்:

ஆஸ்கர் வாங்காம வந்தீங்க பாருங்க, அதுக்கே உங்களுக்கு ஒரு கும்பிடு அண்ணே. நான் வாங்கிட்டு வந்து பட்டவன். இதே வார்த்தைய சொல்லித்தான் எனக்கும் குடுத்தாங்க, சின்னதுலயே போட்டா பழகிடும்னு. மாசத்துக்கு ஒரு இன்ச்சுன்னு வளந்துச்சு அது. மூணாவது மாசம் ஒரு நாள் காலையில லைட்ட போட்டா பத்து டெட்ரால ஆறுதான் நிக்குது, நான் ஃபில்டர்ல மாட்டிக்கிச்சோ வெளிய குதிச்சிருச்சோன்னு கீழ படுத்து டார்ச் அடிச்சு தேடிக்கிட்டு இருக்கேன், அது மூலையில வயிறு உப்பிப் போயி பேசாம நிக்கிது. ஒரே வாரத்துல மிச்சமும் போச்சு. அது தப்புன்னு சொல்ல முடியாதுண்ணே, வாய்க்குள்ள போற சைஸ்ல எது வந்தாலும் முழுங்குறது அதோட குணம், ஒரு அடி வளர்ற மீனு அது. கடைசியில 5 அடி தொட்டி வச்சிருக்கவர் ஒருத்தர்கிட்ட குடுத்துட்டேன், அங்க நல்லாருக்கு.

ஃபிளவர்ஹார்ன் காட்டுவாங்க, அதுவும் வேணாம். பேரட்டு மீனு காட்டுவாங்க, செவப்பா அழகா இருக்கும், பாவம் மாதிரி தெரியும், ஆனா 8 இன்ச் வளந்து கோரி படுக்குற இடத்தையெல்லாம் தோண்டிப்போட்டுரும். இன்னொன்னு, குராமின்னு சொல்லி ஜெயன்ட் குராமி குட்டிய குடுத்துரப் போறாங்க, பாத்துக்கங்க. அது சமைக்க வளக்குற மீனு, ரெண்டு அடிக்கு மேல போகும்.

கடல்புறா86:

நான் ஏஞ்சலுக்குத்தான் ஓட்டு போடுவேன் ப்ரோ. 18 இன்ச் ஹைட் இருக்குல்ல, தாராளமா போதும். நீங்க தேடறது கண்ணு நிக்கற மீன்னா ஏஞ்சல் மாதிரி ஒண்ணு கிடையாது, அது நகர்றதே ஒரு அழகு. உங்க கிட்ட நியான் டெட்ரா இல்ல, அதனால முழுங்கிடுமோன்னு பயமும் இல்ல. டேனியோவ துரத்திப் புடிக்கவும் அதால முடியாது. பிளாட்டி குட்டிங்கள திங்கும், அது உங்களுக்கு ஒரு விதத்துல நல்லதுதான், இல்லன்னா ஒரு வருஷத்துல டேங்க் முழுக்க பிளாட்டிதான் இருக்கும்.

ஒரே ஒரு விஷயம், ரெண்டா வாங்காதீங்க. நான் ரெண்டு வாங்கினேன், ஒரு வருஷம் கழிச்சு அது ஆணும் பொண்ணுமா ஜோடி சேந்துடுச்சு. ஃபில்டர் பைப்புல முட்ட வச்ச அன்னிலேந்து டேங்க்ல முக்கால்வாசி அதுங்களோடது ஆயிடுச்சு, மத்ததெல்லாம் இடது பக்க மூலையில ஹீட்டருக்குப் பின்னாடி ஒண்டிக்கிட்டு நின்னுச்சு. சாப்பாடு போட்டா கூட வெளிய வராது. 3 அடில அதுக்கு ஒதுங்கற இடம் இல்ல. அதனால ஒண்ணு மட்டும் போடுங்க, இல்லன்னா வேற மீன் பாருங்க.

மீனாட்சி கபோம்பா:

எல்லாரும் மீன் பேரா சொல்லிட்டு இருக்கீங்க, தம்பி தண்ணி என்னன்னே சொல்லலையே. தாம்பரம்னா போர் தண்ணியா, லாரி தண்ணியா, ரெண்டும் கலந்து சம்ப்ல வருதா? எது டேங்க்ல நிறமா நிக்கும், எது ரெண்டு மாசத்துல வெளிறிப் போயி மூலைல ஒதுங்கும்னு பாதி முடிவு பண்றது தண்ணிதான். டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கற உப்போட அளவு, பாத்து சொல்லுங்க, பிஎச் முடிஞ்சா அதுவும். குழாய்ல வர்ற தண்ணி தனியா, டேங்க்ல நிக்கற தண்ணி தனியா பாருங்க, ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு ஒண்ணு மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க. எவ்வளவு நாளைக்கு ஒரு தடவ தண்ணி மாத்தறீங்க, எவ்வளவு மாத்தறீங்கன்னும் சொல்லுங்க.

தாம்பரம் டேங்க்:

அக்கா, ஆர்ஓ சர்வீஸ் பண்ண வந்தவர்கிட்ட பேனா மாதிரி மீட்டர் இருந்துச்சு, அவர வச்சே பாத்துட்டேன். நாங்க போர் தண்ணிதான். குழாய்ல 850 காட்டுச்சு. டேங்க்ல விட்டா 1150 காட்டுது! மீட்டர் தப்புன்னு நினைச்சு மூணு தடவ கழுவிட்டு பாத்தோம், அதேதான். பிஎச் ஸ்ட்ரிப்புல 7.8 கிட்ட வருது. தண்ணி மாசத்துக்கு ஒரு தடவ கால்வாசி மாத்துவேன், நடுவுல குறைஞ்சா பக்கெட்ல எடுத்து ஊத்திடுவேன், வாரத்துக்கு ஒரு 5 லிட்டராவது குறையுது, வெயில் நாள்ல அதுக்கு மேல. டேங்க்ல எப்படி குழாய விட அதிகமா காட்டும்? நான் உப்பு எதுவும் போடறதே இல்ல.

சிறுவாணி:

எங்களுக்கு கோயமுத்தூருங்க, சிறுவாணி தண்ணி, ரொம்ப மெதுவான தண்ணி, உப்பு கம்மிங்க. என்ற டேங்க்ல ஜெர்மன் ப்ளூ ராம் ஒரு ஜோடி வச்சிருக்கேனுங்க, 3 அடிதான் எங்களுதும். மூணு இன்ச்சு கூட இருக்காது, ஆனா அந்த நீலப்புள்ளியும் மஞ்ச முகமும் கருப்புக் கோடும் பாத்தீங்கன்னா பெரிய மீனெல்லாம் தோத்துப் போயிருமுங்க. வெனிசுவேலா, கொலம்பியா பக்கத்து ஆத்து மீனுங்க அது. சூடு வேணும், 27லிருந்து 30 டிகிரி வரைக்கும், அதனால குளிர் காலத்துல நான் ஹீட்டர் போட்டே ஆகணும், உங்களுக்கு சென்னைல அந்தக் கவலை இருக்காதுங்க.

ஆனா ஒண்ணு உண்மைய சொல்லிடறேன். 1150ன்னு படிச்சதும் எனக்கு சொல்லவே வாய் வரலைங்க. ராம் மெதுவான தண்ணியில பொறந்து வளர்ற மீனு, கடையில மருந்து குடுத்து வளத்ததா வேற இருந்துச்சுன்னா உங்க தண்ணியில மாசம் தாண்டறது கஷ்டமுங்க. பாப்பா பேர் வச்சு கூப்பிட்ட மீனு போயிட்டா மனசு தாங்காதுங்க. உங்களுக்கு ராம் வேணாமுங்க.

மீனாட்சி கபோம்பா:

நான் நினைச்சதுதான் தம்பி. மீட்டர் சரி, ஆர்ஓக்காரர் சரி, தண்ணி ஊத்தற விதம்தான் தப்பு. ஆவியா போறது வெறும் தண்ணி மட்டும், உப்பு போகாது, அது டேங்க்லயே நிக்கும். குறைஞ்ச 5 லிட்டருக்கு நீங்க ஊத்தற போர் தண்ணியில லிட்டருக்கு 850 மில்லிகிராம் கரைஞ்சிருக்கு, அப்ப வாரா வாரம் 4 கிராமுக்கு மேல உப்ப நீங்களே உங்க கையால போட்டுட்டு இருக்கீங்க. மாசத்துக்கு ஒரு தடவ கால்வாசி மாத்தறது அத வெளிய எடுக்கப் பத்தல. 8 மாசத்துல 300 ஏறிடுச்சு. எங்க வீட்லயும் இப்படித்தான் இருந்துச்சு, குரோம்பேட்டைல இருந்தப்ப, கண்ணாடி ஓரத்துல தண்ணி நிக்கற கோட்டுக்கு மேல வெள்ளையா ஒரு படலம் கட்டும், நகத்தால சொரண்டினா பொடியா உதிரும், உங்க டேங்க்லயும் பாருங்க கண்டிப்பா இருக்கும்.

இத சரி பண்றது ஒண்ணும் பெரிய வேலை இல்ல, வீட்ல ஆர்ஓ இருக்கே. இனிமே குறைஞ்ச தண்ணிக்கு ஈடா ஊத்தறது ஆர்ஓ தண்ணி மட்டும்தான், போர் தண்ணி ஒரு சொட்டு கூட வேணாம். தண்ணி மாத்தும்போது பாதி போர் பாதி ஆர்ஓ கலந்துக்கோங்க, 450 கிட்ட வந்துடும். ஆனா ஒரே நாள்ல பாதி டேங்க மாத்திடாதீங்க, இத்தனை மாசமா அதுங்க உடம்பு 1150க்கு பழகியிருக்கு, சட்டுனு இறக்கினா கோரிதான் முதல்ல அடிபடும். வாரத்துக்கு ரெண்டு தடவ, தடவைக்கு 25 லிட்டர் கிட்ட, அதாவது ஒரு பக்கெட்டும் கொஞ்சமும், ஒரு மாசத்துக்கு பண்ணுங்க. 600க்கு கீழ வந்துடும். முழு ஆர்ஓ தண்ணிக்கு போயிடாதீங்க, பிளாட்டிக்கு கொஞ்சம் கனமான, அதாவது சுண்ணாம்புச் சத்து இருக்கற தண்ணிதான் புடிக்கும், அதோட பிஎச்சும் ஒரு நிலையில நிக்காது.

அது இறங்கட்டும், அப்புறம் மீன் வாங்கலாம். இப்ப மீனுக்கு வர்றேன்.

எனக்கு கேட்டா பேர்ல் குராமி தம்பி. ஒரு ஆண், ரெண்டு பொண்ணு. பதினோரு வருஷமா டேங்க் வச்சிருக்கேன், எத்தனையோ மீன் வந்துச்சு போச்சு, ஹால்ல இருக்கற டேங்க்ல ஒரு மீன்தான் வைக்கலாம்னு யாராவது சொன்னா நான் பேர்ல் குராமிதான் வைப்பேன். மலேசியா, சுமத்ரா, போர்னியோ பக்கம் மெதுவா ஓடற, செடி மண்டின தண்ணியில இருக்கற மீன். நாலு, நாலரை இன்ச் வளரும், உங்க டேங்குக்கு அளவான சைஸ். உடம்பு முழுக்க முத்து கோத்து போட்ட மாதிரி வெள்ளைப் புள்ளி, வாய்லேந்து வால் வரைக்கும் ஒரு கருப்புக் கோடு. ஆணுக்கு வயசு வந்ததும் தொண்டைலேந்து வயிறு வரைக்கும் செங்காவியா ஒரு நிறம் ஏறும் பாருங்க, மெஹந்தி நல்லா சிவந்த கை மாதிரி. ஜோடி சேர்ற நேரத்துல அது இன்னும் ஆழமாயிடும்.

அதோட அழகு நிறத்துல மட்டும் இல்ல, நடையில இருக்கு. வயித்துக்கடியில இருக்கற ரெண்டு துடுப்பும் நூல் மாதிரி நீண்டிருக்கும், அத முன்னாடி நீட்டி நீட்டி எதையும் தொட்டுப் பாத்துத்தான் நகரும். புது கல்லு வச்சா முதல்ல அந்த நூலால தடவிப் பாக்கும், அதுலயே ருசியும் தெரியும் அதுக்கு. ராத்திரி வேலை முடிச்சு நான் டேங்க் முன்னாடி உக்காந்தா கண்ணாடில விரல் வச்ச இடத்துக்கு வந்து அந்தப் பக்கத்துலேந்து நூல வச்சு தொடும். பாப்பாக்கு வேணும்னு சொன்னீங்களே, இதுதான்.

இன்னொரு காரணம் நம்ம வெயில். மே மாசம் உங்க டேங்க் 32, 33க்கு போயிடும், சூடான தண்ணியில ஆக்ஸிஜன் நிக்காது, அந்த நேரத்துல கரண்ட் போச்சுன்னா மத்த மீனெல்லாம் மேல வந்து வாய் பொளக்கும். குராமிக்கு செவுளுக்கு மேல தனியா ஒரு மூச்சு உறுப்பு இருக்கு, லாபிரிந்துன்னு சொல்லுவாங்க, மேல வந்து நேரா காத்தையே இழுத்துட்டு போயிடும். அது தப்பிக்குதுன்னு மத்தத விட்டுடாதீங்க, வெயில் நாள்ல தண்ணி மேல படற மாதிரி ஒரு சின்ன ஃபேன் வைங்க, ரெண்டு மூணு டிகிரி இறங்கும். ஃபேன் வச்சா தண்ணி இன்னும் வேகமா வத்தும், திரும்பவும் சொல்றேன், அதுக்கு ஆர்ஓ தண்ணி. மூடி போட்டிருந்தா தண்ணிக்கும் மூடிக்கும் நடுவுல ரெண்டு மூணு இன்ச் காத்து இருக்கணும்.

டுவார்ஃப் குராமி காட்டுவாங்க, சிவப்பும் நீலமும் கோடு கோடா அதுவும் அழகுதான், நம்ம கங்கை பக்கத்து மீன். ஆனா கடைக்கு வர்றதுல நிறைய இரிடோ வைரஸ் தாக்கி வருது, வயிறு வீங்கும் இல்லன்னா உடம்புல புண்ணு வரும், அதுக்கு மருந்தே கிடையாது. நான் மூணு தடவ வாங்கி மூணு தடவையும் இழந்துட்டேன், அப்புறம் வாங்கறதில்ல. ப்ளூ குராமி, கோல்ட் குராமின்னு விக்கறது வேற ஜாதி, குணம் முரடு, உங்க டேங்குக்கு வேணாம்.

வானவில் அக்வா:

அக்கா சொன்ன தண்ணி விஷயம் முழுக்க சரி. ஆனா தண்ணிய மீனுக்காக மாத்தறதுக்கு பதிலா தண்ணிக்கு ஏத்த மீன எடுத்தா என்னன்னு ஒரு யோசனை. ரெயின்போ மீனுங்கள்ல சில ஜாதி கனமான தண்ணியிலயே பொறந்தது. போய்ஸ்மனி ரெயின்போ பாத்திருக்கீங்களா சார், முன் பாதி நீலம், பின் பாதி ஆரஞ்சு, யாரோ ரெண்டு மீன ஒட்ட வச்ச மாதிரி இருக்கும். பப்புவால அயமாரு ஏரிகள்லேந்து வர்றது, அந்த ஏரித் தண்ணியே பிஎச் தூக்கலா இருக்கற தண்ணி. உங்க 7.8 அதுக்கு வீடு மாதிரி.

ஆனா கடையில பாத்தா வாங்கவே தோணாது, ரெண்டு இன்ச்ல சாம்பல் கலர்ல எந்த அடையாளமும் இல்லாம இருக்கும். ஒரு வருஷம் பொறுமையா வளக்கணும், அப்புறம் ஒவ்வொரு நாள் காலையிலயும் ஆணுங்க ஒண்ணுக்கொண்ணு காட்டிக்கிட்டு நிறம் ஏத்தும், அந்த அரை மணி நேரம் நான் காபிய கையில வச்சுட்டு அங்கதான் நிப்பேன். குறைஞ்சது ஆறு மீன் வேணும், நாலு இன்ச் வளரும், நீளமா நீந்த இடம் வேணும், அதனால 4 அடி இருந்தா நல்லது. உங்க 3 அடிக்கு, அதுவும் 8 டேனியோவோட, நெருக்கமாத்தான் இருக்கும்னு நானே ஒத்துக்கறேன். சின்னது வேணும்னா ட்வார்ஃப் நியான் ரெயின்போ ஆறு போடலாம், ரெண்டரை இன்ச்தான். ஆனா அது கூட்டமா அழகு, பாப்பா கேட்ட ஒத்த மீன் கிடையாது. குதிக்கவும் செய்யும், மூடி இல்லாம வைக்கவே கூடாது.

தாம்பரம் டேங்க்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் எடுத்து எழுதுவீங்கன்னு நினைக்கல. அக்கா, வெள்ளைப் படலம் இருக்கு! நான் அத இவ்வளவு நாளா பழைய கண்ணாடி கறைன்னு நினைச்சு வினிகர் வச்சு தொடச்சிட்டு இருந்தேன். இன்னிக்கே ஆர்ஓ தண்ணிய கேன்ல புடிச்சு வைக்க ஆரம்பிச்சாச்சு.

பேர்ல் குராமி படம் காட்டினேன், பொண்ணு "இதுக்கு மீசை இருக்குப்பா" ன்னு சொல்லிட்டா, அதோட முடிவாயிடுச்சு. வீட்லயும் சரின்னுட்டாங்க. ரெண்டு மூணு சந்தேகம். டேனியோ சாப்பாடு போட்ட அஞ்சு செகண்ட்ல எல்லாத்தையும் அள்ளிடும், மெதுவா நகர்ற குராமிக்கு என்ன மிஞ்சும்? அப்புறம் ஆணு பொண்ணு எப்படி பாத்து வாங்கறது? ஃபில்டர் தண்ணி கொஞ்சம் வேகமா அடிக்கும், அது பரவாயில்லையா?

மீனாட்சி கபோம்பா:

நல்ல கேள்வி, டேனியோ விஷயம் உண்மையிலயே பாக்க வேண்டியதுதான். வலது பக்கம் கொஞ்சம் ஃபிளேக்ஸ் தூவுங்க, டேனியோ மொத்தமா அங்க ஓடும், அந்த நேரத்துல இடது பக்க மூலையில செடிக்கடியில சின்ன பெல்லெட்ட விடுங்க. தினமும் ஒரே பக்கம் பண்ணீங்கன்னா ஒரு வாரத்துல குராமி அந்த மூலையில வந்து காத்திருக்கும். பாப்பா கையாலயே போடச் சொல்லுங்க. வாரத்துக்கு ரெண்டு நாள் ஃப்ரோசன் பிளட்வார்ம் குடுத்தா நிறம் சீக்கிரம் ஏறும்.

ஃபில்டர் வாய திருப்பி பின்பக்க கண்ணாடில அடிக்கற மாதிரி வைங்க, வேகம் உடைஞ்சிடும். ஒரு பக்கம் மிதக்கற செடி ஒரு கைப்பிடி விடுங்க, வாட்டர் லெட்யூஸ் போதும், வேர் கீழ தொங்கினா அதுக்குள்ள போய் நிக்கும். குளத்துலேந்து எடுத்துட்டு வராதீங்க, தட்டான் புழு ஒட்டிக்கிட்டு வந்து சின்ன மீன புடிச்சு தின்னும்.

ஆணுக்கு முதுகுத் துடுப்பு பின்னாடி கூரா நீண்டு வால் கிட்ட வரைக்கும் போகும், பொண்ணுக்கு குட்டையா வட்டமா இருக்கும். ரெண்டு இன்ச்ல சத்தியமா தெரியாது, அதனால மூணு இன்ச்சுக்கு கொஞ்சம் மேல இருக்கறதா கேளுங்க, விலை கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்ல. ஆண் ரெண்டு போட்டுட்டா ஒண்ண ஒண்ணு துரத்தும், 3 அடில ஒரு ஆண் போதும்.

வைகை மீனவன்:

அக்கா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கிறேன். சென்னைல கலர் மீன் கடைங்க நிறைய இருக்குற கொளத்தூர் பக்கம் போறதா இருந்தா காலையில போங்கண்ணே, ஒரே கடையில வாங்கிப்புடணும்னு நிக்காம நாலு கடை சுத்திப் பாருங்க. மீச நூலு ரெண்டும் முழுசா இருக்கணும். வயிறு ஒட்டிப் போயிருந்தா வேணாம். கொஞ்சம் தீனி போடச் சொல்லுங்க, தின்னுச்சுன்னா எடுங்க. அதே தொட்டியில ஒரு மீனு செத்துக் கிடந்தாலும் அந்தத் தொட்டியவே மறந்துருங்க, எவ்வளவு அழகா இருந்தாலும் சரி.

வீட்டுக்கு வந்ததும் நேரா டேங்க்ல விடாதீங்க. ஒரு பெரிய டப்பு எடுத்து, உங்க டேங்க்ல இருக்குற ஃபில்டர் ஸ்பாஞ்ச கொஞ்சம் வெட்டி ஒரு சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டரோட சேத்துக் கட்டிவிட்டு, ரெண்டுலருந்து மூணு வாரம் தனியா வைங்க. வெள்ளப்புள்ளி நோவு இருந்தா அங்கயே தெரிஞ்சுரும். கோரி இருக்குற டேங்க்ல உப்பு போட்டு வைத்தியம் பாக்குறது கஷ்டம், அதுக்கு உப்பு ஆகாது. டப்புல இருந்தா அந்தப் பிரச்சன இல்ல.

கடைத் தண்ணி வேற, உங்க தண்ணி வேற. ஏர் டியூப்ல ஒரு லூசு முடிச்சு போட்டு, உங்க தண்ணிய செகண்டுக்கு ரெண்டு மூணு சொட்டுன்னு அது இருக்குற பக்கெட்டுக்குள்ள விடுங்க. ஒரு மணி நேரம் ஆகட்டும், தண்ணி மூணு மடங்கு ஆனதும் வலையில எடுத்து டப்புல விடுங்க. கடைத் தண்ணிய உள்ள ஊத்தாதீங்க. அந்த ஒரு மணி நேரம் பொறுக்காம நான் ஒரு தடவ எட்டு மீன ஒரே ராத்திரியில பறிகொடுத்துருக்கேன், அதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

தாம்பரம் டேங்க்:

ரெண்டரை மாசம் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும். தண்ணி இறக்கவே ஒரு மாசம் ஆச்சு, வாரம் ரெண்டு தடவ மாத்தினதுல 580ல வந்து நிக்குது. இன்னொண்ணும் நடந்துச்சு, கோரி ஆறும் முன்ன விட நல்லா சுத்துது, அதுக்கு முன்னாடி பகல்ல கட்டைக்கடியிலேயே கிடக்கும், நான் அதோட குணமே அதுதான்னு நினைச்சிட்டு இருந்தேன்.

அப்புறம் கொளத்தூர் போய் மூணாவது கடையில கிடைச்சுது, ஒரு ஆண், ரெண்டு பொண்ணு, மூணும் சேத்து 360 ரூபா. மூணு வாரம் டப்புல வச்சேன். டேங்க்ல விட்ட முதல் நாலு நாள் மரக்கட்டைக்குப் பின்னாடியே நின்னுச்சு, வீணாப் போச்சோன்னு பயந்துட்டேன். அஞ்சாம் நாள் காலையில ஆண் மட்டும் வெளிய வந்துச்சு. டேனியோ எட்டும் வழக்கம் போல மேல இங்கயும் அங்கயும் ஓடிட்டு இருக்கு, அதுக்கு நடுவுல இது மெதுவா, அந்த நூல முன்னாடி நீட்டிக்கிட்டு, ஒவ்வொரு இலையா தொட்டுட்டு வந்துச்சு. என் பொண்ணு ஸ்கூலுக்கு கிளம்பிட்டு இருந்தவ ஷூவ ஒரு கால்ல போட்டபடியே உக்காந்துட்டா. கண்ணாடில விரல வச்சா. நேரா வந்து அந்த இடத்துல தொட்டுச்சு அக்கா, நீங்க சொன்ன மாதிரியே. முத்துன்னு பேர் வச்சிருக்கா.

போன ஞாயித்துக்கிழமை எங்க மாமா வந்திருந்தார், டிவி பக்கம் திரும்பவே இல்ல. இப்ப தொண்டைல நிறம் ஏற ஆரம்பிச்சிருக்கு. நேத்துலேந்து இடது மூலையில வாட்டர் லெட்யூஸ் வேருக்கடியில நுரை நுரையா ஏதோ சேத்து வச்சிருக்கு, பொண்ணு மீனு ரெண்டும் அந்தப் பக்கம் வந்தா துரத்துது. இது சாதாரணமா, நான் ஏதாவது பண்ணணுமா?

மீனாட்சி கபோம்பா:

முத்து கூடு கட்டுது தம்பி! வாயால காத்த முழுங்கி ஒவ்வொரு நுரையா வச்சு கட்டும், ஆண்தான் கட்டும், முட்டையும் அதுதான் காக்கும். நீங்க எதுவும் பண்ண வேணாம். அந்த மூலைக்கு கைய விடாதீங்க, இந்த வாரம் தண்ணி மாத்தறத வலது பக்கமா மெதுவா பண்ணுங்க, தீனியும் கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கமே போடச் சொல்லுங்க பாப்பாகிட்ட. பொண்ணு மீன் ஒதுங்கறதுக்கு கட்டைக்குப் பின்னாடி இடம் இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க. குட்டி வந்தாலும் டேனியோ விட்டு வைக்காது, ஆனா கூடு கட்டற அந்த ரெண்டு நாள் அது நிக்கற நிறம் இருக்கு பாருங்க, சாயங்காலம் ஹால் லைட்ட அணைச்சுட்டு டேங்க் லைட் மட்டும் வச்சு பாருங்க. படம் எடுத்து போடுங்க.